மறு: ‘டேட்டா பிரீச்’ – தரவுக் கசிவா, தரவு உடைப்பா?

> ‘தரவுக் கசிவு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதுச் சொல் எதற்கு?

வணக்கம் ஐயா. லீக்குக்குக் கசிவு பொருத்தமான சொல். 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வந்ததைக் கசிவு என்றுதான் ஊரே சொன்னது. சிக்கல் பிரீச்சில். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றிக் கையாள்வது, மாற்றுவது, அழிப்பது, தரவு எட்டாமல் போவது எல்லாமே பிரீச்தான். வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர் சர்வரை ரான்சம்வேர் (பைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நாச மென்பொருள்) பூட்டிவிட்டது என்று வையுங்கள். ஒரு பைல்கூட வெளியே போகாமல் இருக்கலாம். அதை எப்படிக் கசிவு என்பது?

என் பரிந்துரை ‘தரவு உடைப்பு’. ஏரி உடைப்பெடுத்தது என்கிறோமே, அந்த உடைப்பு. எவ்வளவு தண்ணீர் போனது என்று பிறகு அளக்கலாம். கரை போய்விட்டதை உடனே சொல்லியாக வேண்டும். விசாரணையும் இதே வரிசைதான். முதலில் லேன் கேபிளைப் பிடுங்க வேண்டும். மெஷினை அணைக்கக் கூடாது. அணைத்தால் மெமரியில் இருக்கும் தடயம் போய்விடும். பயர்வால் லாக்கை, அதாவது நெட்வொர்க்கில் வந்ததும் போனதுமான பதிவை, வேறு டிஸ்க்கில் எடுத்துவைக்க வேண்டும். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022இல் போட்ட உத்தரவு, 6 மணி நேரத்துக்குள் தகவல் கேட்கிறது. லாக்கை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. அந்த 6 மணி நேரத்தில் உடைப்பு மட்டுமே தெரியும். என்ன போனது என்பது வெளியே சென்ற நெட்வொர்க் டிராபிக்கை அலசிய பிறகுதான். பதற்றத்தில் பார்மட் அடித்துவிட்டால் அதுவும் இல்லை.

‘கசிவு உறுதியாகவில்லை’ என்று அந்த ஸ்கேன் சென்டரிலிருந்து அறிவிப்பு வந்தால், ஒன்றும் நடக்கவில்லை என்று நோயாளி இருந்துவிடுவார். ‘உடைப்பு நடந்தது, கசிவு உறுதியாகவில்லை’ என்றால், ரிப்போர்ட்டைச் சொல்லிப் பணம் கேட்கும் போன் வரும்போது உஷாராவார்.

> உடைந்தது தரவு இல்லையே, காப்புதானே?

கரை உடைந்தாலும் ‘ஏரி ஒடஞ்சிடுச்சு’ என்றுதானே பேசுகிறோம்? சட்ட வாசகத்தில் ‘தரவுக்காப்பு உடைப்பு’ என்று விரித்துக்கொள்ளலாம்.

> எக்ஸ்பில்ட்ரேஷனுக்குத் ‘தரவு கடத்தல்’?

எக்ஸ்பில்ட்ரேஷன் என்பது தரவைத் திருடி வெளியே கொண்டுபோவது. வெறும் ‘கடத்தல்’ என்றால் டிரான்ஸ்மிஷன் என்று படித்துவிடுவார்கள். ‘வெளிக்கடத்தல்’ என்றால் திசையும் சேர்ந்து வரும்.

> அப்படியானால் கசிவுக்கு நல்ல உதாரணம்?

சென்னையில் மின்ட் பக்கம் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடை. பிரிண்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய இ-ஆதார் டவுன்லோட்ஸ் போல்டரிலேயே கிடக்கும். பாஸ்வேர்ட், பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த ஆண்டும். பெயர் தெரிந்தவருக்கு ஆண்டை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டால் போதும். யாரும் எதையும் உடைக்கவில்லை. கடைசி 4 எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை அனுப்பினால், கசிந்தாலும் முழு எண் போகாது.