தள்ளிப்போன அந்த ஆறு மாத ஊசி (எலும்பு மெலிவு: உங்கள் வீட்டு அனுபவம்)

வைகைக்கரை மகள்
அம்மாவுக்கு 68 வயது. டெனோசுமாப் ஊசி, ஆறு மாதத்துக்கு ஒன்று, மூன்று வருடமாகப் போட்டு வந்தோம். ஏழாவது ஊசி சித்திரைத் திருவிழா நேரத்தில் வந்தது. வீடு நிறைய விருந்தாளிகள், அப்புறம் தம்பி வீட்டு வளைகாப்பு, கையில் பணமும் இல்லை. "நல்லாத்தானடி இருக்கேன், அடுத்த மாசம் போட்டுக்கிருவோம்" என்றார் அம்மா. நானும் சரி என்றேன். அந்த அடுத்த மாதம் வரவே இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள் காலை, வாசலில் கோலம் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. விழவில்லை, வழுக்கவில்லை. புள்ளி வைத்திருந்தார், முதல் கோடு பாதியில் நிற்கிறது, கோலப்பொடி கைப்பிடிக்குள்ளேயே இருக்கிறது. "முதுகுக்குள்ள என்னமோ மளுக்குன்னுச்சுடி" என்றார், அவ்வளவு மெதுவாக. எக்ஸ்ரேயில் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன. எலும்பை அரிக்கும் செல்களை இந்த ஊசி அடக்கி வைக்குமாம். மருந்து தீர்ந்ததும் அவை முன்பைவிட வேகமாகக் கிளம்புமாம். நிறுத்துவதாக இருந்தால் வேறு மருந்தைத் தொடங்கிவிட்டுத்தான் நிறுத்த வேண்டுமாம். இதை முதல் ஊசி போட்ட அன்றே யாராவது சொல்லியிருக்கலாம்.

மேலூர் மருமகள்
அக்கா, படிக்கும்போதே வயிறு கலங்குது. எங்கள் அத்தைக்கு வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை கொடுத்தார்கள். அவர் அதை விடிகாலையில் இரண்டு மடக்குக் காபியோடு விழுங்கிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார். நாலாவது வாரம் நெஞ்சு எரிகிறது, எச்சில் முழுங்க முடியவில்லை. மாரடைப்பு என்றே நினைத்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். மாட்டுத்தாவணி வரும்வரை என் மணிக்கட்டை விடவே இல்லை, நகம் பதிந்த தழும்பு ரெண்டு நாள் இருந்தது. இதயத்தில் ஒன்றும் இல்லை. உணவுக்குழாயில் புண். மாத்திரையே வேண்டாம் என்று நிறுத்தி, வருடம் ஒருமுறை ட்ரிப்பில் ஏற்றும் சோலிட்ரோனிக் ஆசிடுக்கு மாற்றிவிட்டார்கள். யாருக்கும் அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

உசிலம்பட்டி டீச்சர்
தங்கச்சி, அப்படிச் சொல்லாதே. அதே மாத்திரை, 70 மில்லிகிராம், நாலு வருடமாக நான் சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் பச்சைத் தண்ணீரோடு. அப்புறம் திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து மல்லிகைப் பூ கட்டுவேன். அரை மணி நேரம் கழித்துத்தான் காபி. இன்றுவரை ஒரு எரிச்சல் இல்லை. உன் அத்தைக்குப் புண் வந்தது காபியாலும் படுத்ததாலும். அதை யாரும் சொல்லித் தராதது தப்பு, மாத்திரை தப்பு இல்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கால்சியம் மாத்திரையை இதோடு சேர்த்து விழுங்கினால் இது உடம்பில் சேராது, சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகப் போடுங்கள். ட்ரிப் ஏற்றுவதற்கு முன்னால் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கணும், வைட்டமின் டி, கால்சியம் அளவும் பார்க்கணும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். மருந்து எடுக்கும்போது பிடுங்கினால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. பல வருடம் சாப்பிட்டவர்களுக்குத் தொடையில் மந்தமான வலி வந்தால் வாயு என்று தைலம் தேய்க்காமல் எக்ஸ்ரே எடுங்கள். இன்னொன்று, இதுதான் முக்கியம்: மாத்திரையை ஐந்து வருடம் ஆனதும் டாக்டரே சிலருக்கு நிறுத்தி வைப்பார், அது எலும்பிலேயே தங்கி இருப்பதால். அதைப் பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு ஆறு மாத ஊசியையும் நிறுத்துகிறார்கள். ஊசி எலும்பில் தங்காது. வைகைக்கரை மகள் வீட்டில் நடந்தது அதுதான்.

செல்லூர் பேரன்
ட்ரிப் ஏற்றினால் முதல் தடவை சிலருக்குக் காய்ச்சல் வரும் என்பதையும் டீச்சரம்மா சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அப்பத்தாவுக்கு ஏற்றிய அன்று ராத்திரி 102. அக்னி நட்சத்திர வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு "என்னைய எதுக்குடா கூட்டிட்டுப் போன" என்று விடியவிடியக் கேட்டுக்கொண்டே இருந்தது. பாராசிட்டமால் கொடுத்தோம், மூன்றாம் நாள் எழுந்து தோசை சுட்டது. ஆனால் அந்தக் கேள்விக்கு எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வருடம் ஏற்றியபோது ஒன்றுமே செய்யவில்லை.

வைகைக்கரை மகள்
டீச்சர், நான் பக்கத்து வீட்டில் கேட்டு நிறுத்தவில்லை. தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். எலும்புக்கு ரெண்டும் ஒன்றுதான் என்று இப்போது தெரிகிறது.

மறுபடி அதே ஊசியைத் தொடங்கியிருக்கிறார்கள். அடுத்த தேதி பங்குனி 20. தினசரி காலண்டரில் அந்தத் தாளை இப்போதே மடக்கி, குங்குமம் வைத்திருக்கிறார் அம்மா. வாசலில் கோலம் நான்தான் போடுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து புள்ளி சொல்கிறார்.