புதுப்பிப்பு: பினாங்கு கடைவீட்டின் சுவர் ஈரம்

லிட்டில் இந்தியா பக்கம் பூட்டிக் கிடந்த பழைய கடைவீட்டை (கீழே கடை, மேலே வீடு) கலை மையமாக்கும் வேலையில், கீழ்ச்சுவர்ப் பூச்சு ஏன் உதிர்கிறது என்று முன்பு கேட்டிருந்தோம். காரணம், பிற்காலத்தில் பூசிய சிமெண்ட். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர் தரையீரத்தை உறிஞ்சும். அது ஆவியாக வழி வேண்டும். சிமெண்ட் அடைத்ததும் ஈரம் மேலேறி, உப்பு பூத்து, செங்கல்லே பொடிகிறது. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி கொட்டுகிறது.

சிமெண்டை உளியால் மெல்லக் கொத்தியாச்சு. மெஷின் வைத்தால் செங்கல்லும் பெயரும். இப்போது நல்ல தண்ணீரில் குழைத்த காகிதக்கூழை அப்பி, காய்ந்ததும் உரித்து உப்பை எடுக்கிறோம். ஒரு தடவை போதாது. பிறகு சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு கலந்து புதுப் பூச்சு; கடல் மணல் கூடவே கூடாது. மேலே வெள்ளையடிப்புதான். அக்ரிலிக் பெயிண்ட் அடித்தால் அதுவும் ஈரத்தை அடைத்துவிடும், பழைய குருடி கதவைத் திறடி!

மேடை, விளக்கு எல்லாம் சுவர் காய்ந்த பிறகு.