பெரிய வீடு குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

பிரபு (பெங்களூர்), காலை 7:12
எல்லோருக்கும் வணக்கம். அப்பா அறுபதுக்குத் திருக்கடையூர் தை மாதம் என்று முடிவாகிவிட்டது. அதற்கு முன்னாலோ பின்னாலோ அப்பா அம்மாவைக் குல்மார்க் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். டிசம்பர் 24 அல்லது பிப்ரவரி 10. விமான டிக்கெட் இந்த விலைக்கு இன்று இரவு வரைதான். யார் யார் வருகிறீர்கள்?

ஓசூர் சித்தி, 7:15
நாங்கள் மூன்று பேர். டிசம்பர்தான். பிப்ரவரியில் பையனுக்குப் பப்ளிக் பரீட்சை நெருங்கிவிடும்

சந்தூர் சித்தப்பா, 7:20
நான் இல்லை. தோப்பில் பூ வரும் நேரம்

பாலக்கோடு அத்தை, 7:31
குல்மார்க் எங்கே இருக்கிறது

திவ்யா, 7:31
காஷ்மீர் அத்தை

பாலக்கோடு அத்தை, 7:33
ஐயோ குளிருமே. செல்வி, ஊட்டிக்கு வாங்கிப் போன என் சிவப்பு ஸ்வெட்டர் உன்னிடம்தானே இருக்கிறது?

ஓசூர் சித்தி, 7:34
அப்போதே கொடுத்துவிட்டேன் அண்ணி

பாலக்கோடு அத்தை, 7:34
எப்போது

பாலக்கோடு மாமா, 7:52
பிரபு, அவசரப்படாதே. இரண்டு நிமிடம் இதைப் படி. நமக்கு ஐப்பசி கார்த்திகை மழை வங்கக் கடலிலிருந்து வருகிறது. குல்மார்க் பனிக்கும் வங்கக் கடலுக்கும் சம்பந்தமே இல்லை. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு ஈரான், ஆப்கானிஸ்தான் எல்லாம் தாண்டி வந்து இமயமலையில் முட்டும். மலைமேல் ஏறும் காற்று குளிர்ந்து, கொண்டுவந்த ஈரத்தைக் கொட்டிவிடும். வானிலை அறிக்கையில் இதை ‘மேற்கத்திய இடையூறு’ என்பார்கள். இது அடுத்தடுத்து இரண்டு மூன்று வந்தாலும் வரும், வாரக்கணக்கில் வராமலும் போகும். காலண்டர் பார்த்து வருவதில்லை.

ஓசூர் சித்தி, 7:55
மேற்கத்திய இடையூறு 😂 எங்கள் வீட்டுக்கு அது பெங்களூரிலிருந்து வாரா வாரம் அழுக்குத் துணி மூட்டையோடு வருகிறது

பிரபு, 7:56
சித்தி, நான் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்

சந்தூர் சித்தப்பா, 8:01
மச்சான் சொன்ன தேதியில் கொடைக்கானல் போனோமே. மூன்று நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. சீட்டாடிவிட்டுத் திரும்பினோம்

பாலக்கோடு மாமா, 8:03
அது 2011. அந்தத் தேதி உன் அண்ணன் பஞ்சாங்கம் பார்த்து வைத்தது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

பாலக்கோடு அத்தை, 8:04
இவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை

திவ்யா, 8:20
ஆயா கேட்கச் சொன்னார். பனி பார்க்க அவ்வளவு தூரம் எதற்காம்? மார்கழியில் விடிகாலை மாட்டுக்கொட்டகைக்குப் போனாலே முந்தானை நனைகிற அளவுக்குக் கொட்டுகிறதாம்

பாலக்கோடு மாமா, 8:41
அத்தையிடம் சொல்லு, நம் ஊர்ப் பனி ராத்திரி தரை குளிர்வதால் பக்கத்திலிருக்கும் ஈரம் திரண்டு வருவது. அங்கே மேகத்திலேயே படிகமாகி விழுகிறது. வரும் வழியில் காற்று வெப்பமாக இருந்தால் உருகி மழையாகிவிடும். அதனால் ஒரே மேகம் ஸ்ரீநகரில் மழை பெய்யும், குல்மார்க்கில் பனி கொட்டும். ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர் உயரம், குல்மார்க் சுமார் 2,650. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். கிருஷ்ணகிரியில் ஃபேன் ஓடும்போது செல்வி ஓசூரில் போர்வைக்குள் இருப்பதில்லையா, அதுதான் கணக்கு. கொஞ்சம் வெப்பமான நாளாக இருந்தால் குல்மார்க்கிலும் மழைதான். அப்போது ரோப் காரில் மேலே, அஃபர்வத் பக்கம் 3,900 மீட்டருக்கு மேல் போனால்தான் பனி. காற்று பலமாக அடித்தால் அந்த ரோப் காரையும் நிறுத்திவிடுவார்கள்.

சேர்ந்த பனிமேல் மழை பெய்தால் இன்னும் மோசம். தண்ணீர் உள்ளே இறங்கி ராத்திரி கல்லாக இறுகும். நம் வீட்டுப் பழைய ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் முழுக்கக் கட்டிக்கொள்ளுமே, உன் அத்தை தோசைத் திருப்பியால் சுரண்டுவாளே, அந்த மாதிரி. சறுக்குகிறவனுக்குக் கால் நிற்காது.

பாலக்கோடு அத்தை, 8:43
அந்த ஃப்ரிட்ஜை மாற்றச் சொல்லி நான்கு வருஷம் ஆகிறது. குழுவில் எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்

பிரபு, 8:50
மாமா, டிசம்பரா பிப்ரவரியா?

பாலக்கோடு மாமா, 9:06
வருகிறேன். நமக்கு அக்னி நட்சத்திரம் மாதிரி அவர்களுக்குக் கடுங்குளிர் 40 நாள், ‘சில்லை கலான்’ என்பார்கள். டிசம்பர் 21-ல்தான் தொடங்குகிறது. அந்த நாட்களில் விழுகிற பனிதான் உருகாமல் நிற்கும். நீ 24-ஆம் தேதி போனால் இலை போடும்போதே பாயசம் கேட்ட மாதிரி.

பாலக்கோடு மாமா, 9:07
ஜனவரியையும் நம்ப முடியாது. 2024 ஜனவரியில் குல்மார்க் முக்கால்வாசி காய்ந்து கிடந்தது. மாதக் கடைசியில்தான் கொட்டியது.

ஓசூர் சித்தி, 9:10
அப்போது பிப்ரவரி மட்டும் உறுதியா அண்ணா? 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே பனி போதவில்லை என்று மார்ச்சுக்குத் தள்ளினார்கள். பையன் கூகுளில் காட்டினான்

பாலக்கோடு மாமா, 9:22
உறுதி என்று நான் சொல்லவில்லையே. வாய்ப்பு அதிகம் என்கிறேன்.

சந்தூர் சித்தப்பா, 9:23
கொடைக்கானல்

பாலக்கோடு மாமா, 9:40
இன்னொரு கணக்கு. ஒரு செ.மீ. மழைக்குச் சுமார் பத்து செ.மீ. பனி. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்ததே, அவ்வளவும் பனியாக விழுந்திருந்தால் ஐந்து மீட்டர். மாடி வீடே மூழ்கும்.

சந்தூர் சித்தப்பா, 9:44
அன்றைக்கு ரோட்டோரம் நின்ற வண்டிகளை ஏரித் தண்ணீர் அடித்துப் போனது. பனியாக இருந்தால் வண்டியாவது நின்ற இடத்தில் இருந்திருக்கும்

சந்தூர் சித்தப்பா, 9:46
மார்கழியில் மறுபடி மழை பெய்தால் மாமரம் பூ விடாமல் துளிர் விட்டுவிடும். போன தடவை அப்படித்தான் பாதித் தோப்பு போனது. மச்சான், அந்த மேற்கத்தியது இங்கே வருமா வராதா, அதைச் சொல்லுங்கள்

பாலக்கோடு மாமா, 9:58
மழையாக இவ்வளவு தெற்கே வராது. உன் பூவுக்கு வங்கக் கடலைத்தான் பார்க்க வேண்டும்.

பெரியப்பா, பகல் 12:30
👍

பிரபு, 12:31
அப்பா, எதற்கு 👍? டிசம்பரா பிப்ரவரியா?

பிரபு, மாலை 6:15
அப்பா?

திவ்யா, 6:40
பெரியப்பா தூங்கி எழுந்து டீக்கடைக்குப் போயிருக்கிறார். போன் வீட்டில். பெரியம்மா பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்கிறார்

ஓசூர் சித்தி, 6:42
புளிக்காய்ச்சல் நான் செய்து கொண்டுவருகிறேன். டிசம்பர் என்றால்

பிரபு, இரவு 9:48
பிப்ரவரிக்கு நான்கு பேருக்குப் போட்டுவிட்டேன். அப்பா, அம்மா, நான், மாமா. டிசம்பர் பற்றி நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் சித்தி, கோபிக்க வேண்டாம்

பாலக்கோடு அத்தை, 9:49
மாமாவா? என்னைக் கேட்கவே இல்லையே

பாலக்கோடு மாமா, 9:50
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஓசூர் சித்தி, 10:05
(படம்) அண்ணி, பரணில் கிடந்தது. இதுவா பாருங்கள்

பாலக்கோடு அத்தை, 10:09
இது மெரூன்