தேடல் விளம்பரத்தில் பட்ஜெட் எங்கே கசிகிறது?

கூகுள் தேடல் முடிவுகளில் விளம்பரம் போட உதவும் கூகுள் ஆட்ஸில் தினசரி பட்ஜெட் 500 என்று வைத்தால், அது ஒரே நாளில் 1000 வரை எடுக்கலாம். அது பிழை இல்லை. 500 என்பது சராசரி. நடுவில் மாற்றாதவரை மாதத்துக்கு 500 × 30.4 (ஒரு மாதத்தின் சராசரி நாள்கள்) = 15,200-க்கு மேல் கட்டணம் வராது. அதனால் மாதத்துக்கு எவ்வளவு தாங்கும் என்று முடிவு செய்துவிட்டு, அதை 30.4-ஆல் வகுத்துப் போடுங்கள். ஒருநாள் செலவைப் பார்த்துப் பதறி அன்றாடம் ஏற்றி இறக்கினால் எந்தக் கணக்கும் நிற்காது.

*

பட்ஜெட் தொகையைத் தொடுமுன் மக்கள் எதைத் தேடியபோது உங்கள் விளம்பரம் வந்தது என்று காட்டும் 'தேடல் சொற்கள்' அறிக்கையைத் திறந்து பாருங்கள். 'வாட்டர் பியூரிஃபையர் சர்வீஸ்' என்பதை பிராட் மேட்சில் (தொடர்புள்ள தேடல்களுக்கெல்லாம் விளம்பரம் காட்டும் முறை) போட்டால், தானே கழற்றிச் சுத்தம் செய்ய வழி தேடுபவர், உதிரிபாகம் தேடுபவர், சர்வீஸ் வேலை தேடுபவர் எல்லோருடைய கிளிக்குக்கும் நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள். தொடக்கத்தில் ஃப்ரேஸ் (அந்தச் சொற்றொடரின் பொருள் அடங்கிய தேடல்), எக்ஸாக்ட் (அதே பொருளுள்ள தேடல் மட்டும்) இரண்டும் போதும்.

எந்தத் தேடலுக்கு விளம்பரம் வரக்கூடாது என்று தடுக்கும் நெகட்டிவ் சொற்களில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சாதாரணச் சொல்லுக்கு அதன் நெருங்கிய வடிவங்களும் பொருந்தும், நெகட்டிவுக்கு (எழுத்துப்பிழைகள் தவிர) பொருந்தாது. 'வேலை' என்று தடுத்தால் 'வேலைக்கு', 'வேலைகள்' தடைபடாது. வேற்றுமை உருபு ஒட்டும் நம் மொழியில் இது பெரிய ஓட்டை. ஒவ்வொரு வடிவத்தையும், ஆங்கில எழுத்தில் தட்டும் வடிவத்தையும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். தேடல் சொற்கள் அறிக்கையை முதல் 2 வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை பார்த்தால் நல்லது. எல்லாத் தேடலும் அந்த அறிக்கையில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

*

விளம்பர வாசகத்தைப் பற்றி. தலைப்பு 15 வரை (தலா 30 எழுத்துக்குறி), விளக்கம் 4 வரை (தலா 90) கொடுக்கலாம். ஒரு நேரத்தில் அதிகபட்சம் 3 தலைப்பும் 2 விளக்கமும்தான் தெரியும், எது எதோடு சேரும் என்பது பொதுவாக நம் கையில் இல்லை. ஒரே செய்தியை 15 விதமாக எழுதினால் மூன்று தலைப்பும் ஒன்றையே சொல்லும். ஒரு வாக்கியத்தை இரண்டு தலைப்பாக உடைத்தால் பாதி மட்டும் தொங்கும். விலையைத் தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்: கட்டுப்படியாகாதவர் கிளிக் செய்யமாட்டார், உங்கள் பணம் மிஞ்சும். ஒரு செய்தி முதலிடத்தில் வந்தே ஆக வேண்டுமென்றால், அதைச் சொல்லும் இரண்டு மூன்று தலைப்புகளை அந்த இடத்துக்கே 'பின்' (pin) செய்து நிலைநிறுத்துங்கள்.

*

விளம்பரம் தெரியாமல் போனதற்குக் காரணம் பட்ஜெட்டா, தரவரிசையா (மற்ற விளம்பரங்களோடு போட்டியில் உங்கள் இடம்) என்று கூகுள் ஆட்ஸ் அட்டவணையில் இரண்டு தனி நெடுவரிசைகள் காட்டும். தரவரிசையால் இழந்திருந்தால் பட்ஜெட்டை இரட்டிப்பாக்கியும் பயனில்லை. வாசகமும் இறங்குபக்கமும் (கிளிக் செய்தால் திறக்கும் பக்கம்) திருந்த வேண்டும். பட்ஜெட்டால் என்றால், தொகையை ஏற்றுமுன் வீச்சைச் சுருக்குங்கள். இருப்பிட அமைப்பில் இயல்பாக இருப்பது 'அங்கு இருப்போர் அல்லது ஆர்வமுள்ளோர்'. அதை 'அங்கு இருப்போர்' என்று மாற்றவும். தேடலுக்கான பிரசாரத்தில் டிஸ்ப்ளே நெட்வொர்க் (பிற தளங்களிலும் செயலிகளிலும் விளம்பரம் காட்டுவது) டிக்கை எடுத்துவிடவும்.

கன்வெர்ஷன், அதாவது கிளிக் செய்தவர் படிவம் நிரப்புவது, வாங்குவது போன்ற பலன், எண்ணப்படும் முறையையும் பாருங்கள். விசாரணைப் படிவத்துக்கு 'ஒன்று', விற்பனைக்கு 'ஒவ்வொன்றும்'. படிவத்துக்கு 'ஒவ்வொன்றும்' என்றிருந்தால், ஒருவரே நன்றிப் பக்கத்தை மூன்று முறை புதுப்பிக்கும்போது மூன்று வாடிக்கையாளர் வந்ததாகப் பதிவாகலாம். கிளிக்குக்கு எவ்வளவு தரலாம் என்று கூகுளே முடிவு செய்யும் தானியங்கி ஏலம் அதையே நம்பி, அதுபோன்ற தேடல்களுக்கு இன்னும் அதிகம் கொட்டும்.