ஸ்லாட் கார் டிராக்: எதிர்ப்பக்கம் போனதும் கார் நின்றுவிடுகிறது

வீட்டு ஹாலில் ஓட்டுகிற 1:32 செட் (நிஜக் காரில் 32-ல் ஒரு பங்கு அளவுள்ள பொம்மைக் கார்கள், டிராக்கில் உள்ள பள்ளத்தைப் பிடித்து ஓடி, அதன் இருபுற உலோக ரெயில்களிலிருந்து மின்சாரம் எடுக்கும்). சாதா அனலாக், இரண்டு லேன், 15 வோல்ட் அடாப்டர், ஒரு சுற்று சுமார் 6 மீட்டர். இடம் திருவான்மியூர், கடலுக்கு நாலு தெரு தள்ளி. மழைக்காலம் முழுக்கப் பரணில் கிடந்ததைப் போன மாதம்தான் இறக்கினேன்.

பவர் கொடுக்கிற பக்கம் கார் சீறிக்கொண்டு போகிறது. எதிர்ப்பக்க வளைவு வந்ததும் இழுவை குறைந்து, வெளி லேனில் நின்றே விடுகிறது. விரலால் லேசாகத் தள்ளினால் டிராக் துண்டுகள் சேரும் ஜாயின்டில் ஒரு நீலப் பொறி, மறுபடி ஓட்டம். இரண்டு காரும் இதே கதை, அதனால் மோட்டார் மேல் சந்தேகம் இல்லை.

ரெயிலில் பழுப்பாகத் துரு இருந்தது. தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்தாயிற்று. காருக்கடியில் ரெயிலைத் தொட்டு மின்சாரம் எடுக்கிற பிரெய்டும் (பின்னிய கம்பிப் பட்டை) புதுசு. ஜாயின்டுகளை மூக்கு பிளையரால் இறுக்கினேன். இரண்டு நாள் நன்றாக ஓடி, பழையபடி ஆகிவிட்டது. மல்டிமீட்டரில் கார் இல்லாமல் இரு பக்கமும் 15 காட்டுகிறது, ஓடும்போது எதிர்ப்பக்கம் மட்டும் 9.

பவர் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்க ரெயிலுக்கு நேராக, அடியில் ஜம்பர் ஒயர் இழுக்கலாம் என்று சால்டரிங் அயர்னை எடுத்தால், ஸ்டீல் ரெயிலில் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடுகிறது. பிளாஸ்டிக் உருகாமல் பற்றவைக்க எந்த ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்டுவதற்காக உலோகத்தில் தடவுவது) போடுவது?