30க்கு 60 மனையில் முற்றம்: கண்ணாடி போட்டு மூடலாமா, திறந்தே விடலாமா?

லால்குடிக்காரன்:
லால்குடி பக்கத்தில் 30க்கு 60 மனை, கிழக்குப் பார்த்தது. அப்பா, அம்மா, நாங்கள் இருவர், மகள். கீழே இரண்டு படுக்கையறை, மாடியில் ஒன்று. நடுவில் 10க்கு 10 முற்றம் வேண்டும் என்கிறேன் நான். சித்திரையில் ஏசி போடாமல் உட்கார ஒரு கூடமாவது இருக்கட்டும் என்பதுதான் காரணம்.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "நூறு சதுர அடியை வானத்துக்கு விட்டுட்டு ஒரு ரூமைக் குறைச்சுக்கிறியா?" என்பது அப்பா. தாத்தா வீட்டு முற்றத்தைக் கல்யாணமான நாளிலிருந்து கூட்டிக் கழுவியது அம்மா. "முற்றம் அழகுதான், கூட்டுறவங்களைக் கேட்டுட்டு வை" என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. எஞ்சினியர் மேலே கண்ணாடி போட்டு மூடிவிடலாம் என்று ஒரு 3டி படம் அனுப்பியிருக்கிறார். அதில் மூங்கில், வெள்ளைக் கூழாங்கல், ஒரு புத்தர் சிலை. எங்கள் வீட்டில் அந்த இடத்தில் வடகமும் மிளகாயும்தான் காயும்.

கண்ணாடி சரிதானா? மழைத் தண்ணீரை என்ன செய்வது? தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ் போடலாமா? கட்டி முடித்துக் குடியிருப்பவர்கள் சொன்னால் நல்லது.

மேஸ்திரி மகள்:
சார், கண்ணாடி வேண்டாம். தஞ்சாவூர், திருச்சி சைட்டுகளில் வேலை பார்க்கிறேன். கண்ணாடி போட்ட முற்றத்தின் கீழ் மதியம் மூன்று மணிக்கு நின்று பார்த்திருக்கிறேன். வெயில் கண்ணாடி வழியே உள்ளே வந்து தரையைச் சுட வைக்கும். தரை திருப்பி விடுகிற சூட்டைக் கண்ணாடி வெளியே விடாது. லால்குடி இருப்பது ஏறக்குறைய 11 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாம் வாரம் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், கண்ணாடி அதை அப்படியே வாங்கிக் கொடுக்கும்.

முற்றத்தின் வேலையே ராத்திரியில்தான். பகலெல்லாம் சுவரும் தரையும் வாங்கிய சூடு திறந்த வானத்துக்குப் போய்விடும், குளிர்ந்த காற்று கனத்து உள்ளே இறங்கும். விடிந்து வெயில் ஏறியதும் வெளி ஜன்னல்களைச் சாத்திவிட்டால் அந்தக் குளிர்ச்சி மதியம் வரை தாங்கும். மூடி போட்டால் இது எதுவும் நடக்காது. மூடியே ஆகவேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால், கூரையை இரண்டடி தூக்கி நாலு பக்கமும் காற்றுப் போக்கு விடுங்கள்.

முற்றம் மட்டும் வைத்தால் போதாது. பழைய வீடுகளில் தெருவாசலில் நின்றால் ரேழி என்ற நடை, கூடம் தாண்டிக் கொல்லை தெரியும். காற்று வர ஒரு வழி, போக ஒரு வழி. ஐப்பசி, கார்த்திகைப் புழுக்கத்தில் இந்த ஓட்டம்தான் காப்பாற்றும். மேற்குச் சுவர் உங்களுக்குக் கொல்லைப் பக்கம் வருகிறது, அங்கே படுக்கையறை வைக்காதீர்கள். மாடிப்படி, ஸ்டோர், குளியலறை எல்லாம் அந்தப் பக்கம் போகட்டும். அந்தச் சுவரை மட்டுமாவது ராட் ட்ராப் பாண்டில் கட்டச் சொல்லுங்கள். கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை. செங்கலைக் குத்துவாட்டில் வைப்பதால் நடுவே வெற்றிடம் விழும், சூடு மெதுவாகத்தான் உள்ளே வரும். செங்கல் கால்வாசி மிச்சம். ஆனால் பழகாத கொத்தனாரிடம் கொடுத்தால் வெற்றிடம் முழுக்கக் கலவையை ரொப்பிவிடுவார், பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

தேவகோட்டை வளவு:
தம்பி, நாங்கள் இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கிறோம். வளவில், அதாவது முற்றத்தில், ஆத்தங்குடிக் கல் போடாதீர்கள். அது சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடி மேல் சாயமும் சிமென்டும் ஊற்றித் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. பட்டாசாலை என்கிற முன்கூடத்துக்கும் உள்கூடத்துக்கும் அதைப்போல வராது, நடக்க நடக்க மெருகு ஏறும். வெயில் விழும் இடத்தில் நிறம் போய்விடும், மழையில் வழுக்கும், அப்பா அம்மா இருக்கிற வீடு வேறு. வெட்டவெளிக்குக் கொத்திய கருங்கல்தான்.

தண்ணீர்க் கணக்கைச் சொல்கிறேன். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் நூறு சதுர அடியில் மட்டும் 930 லிட்டர் விழும். சுற்றியுள்ள ஓட்டுச் சரிவு 500 சதுர அடி உள்பக்கம் இறங்கினால் இன்னும் 4,600 லிட்டர். எங்கள் அப்பத்தா காலத்தில் கூரைத் தண்ணீர் இறங்கும் தகர வாய்க்காலுக்கு அடியில் அண்டா வைத்துப் பிடித்துக் குடித்தோம். நீங்கள் சல்லடை, கரி, மணல் வைத்துத் தொட்டிக்கு விடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003லிருந்தே எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்பதால் எப்படியும் குழி தோண்டத்தான் போகிறீர்கள். வளவுத் தரை கூடத்தைவிட முக்கால் அடி தாழ்வாக இருக்கட்டும். வெளியேற்றும் குழாய் கண்டிப்பாக இரண்டு. ஒன்றில் இலை அடைத்தால் ராத்திரி கூடத்துக்குள் தண்ணீர் வரும்.

பிளான் போடுகிறவன்:
எல்லாரும் சொன்னது சரி, ஆனால் அகலத்தை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. 30 அடியில் இரு பக்கமும் மூன்றடி விட்டால் 24. வெளிச்சுவர் போக 22½. நடுவில் 10 அடி முற்றம் என்றால் இரு பக்கமும் ஆறேகால் அடி. அதில் கட்டில் போட்டால் நடக்க முடியாது. செட்டிநாட்டு வீடு தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும். அந்த அளவை 30 அடியில் திணிக்காதீர்கள்.

முற்றத்தை வடக்குச் சுவரை ஒட்டித் தள்ளுங்கள். 8க்கு 12 போதும். மூன்று பக்கம் தாழ்வாரம், வடக்கே ஜாலி, அதாவது காற்று வர ஓட்டை விட்ட சுவர். தெற்கில் 14 அடி முழுசாகக் கிடைக்கும், அப்பா கேட்ட ரூமும் வந்துவிடும். மாடி அறையை முற்றத்துக்கு மேற்கே ஏற்றினால் பிற்பகல் நிழல் முற்றத்தில் விழும்.

லால்குடிக்காரன்:
வடக்கு ஓரம் என்றதும் அப்பா பிளானைக் கையில் வாங்கிப் பார்த்தார், அதுவே பெரிய முன்னேற்றம். அம்மாவுக்காக முற்றத்து ஓரத்தில் ஒரு குழாயும் துடைப்பம் வைக்க ஒரு மாடமும் சேர்த்தாயிற்று. கூட்டும் வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் என்னுடையது என்று எழுதி வாங்கிக்கொண்டார். கொசுவுக்கு மேலே வலை அடிக்கலாமா?

மேஸ்திரி மகள்:
மேலே அடித்தால் தூசி படிந்து ஒரு மழைக்காலத்தில் காற்று பாதியாகிவிடும், ஏறிச் சுத்தம் செய்வதும் கஷ்டம். படுக்கையறைக் கதவு, ஜன்னல்களுக்கு மட்டும் வலை போதும். முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி, நாலு அங்குல இடைவெளி. தண்ணீர்த் தொட்டி மூடியை இறுக்கமாகப் போடுங்கள், கொசு அங்கேதான் முட்டையிடும். உங்கள் ஊரில் குரங்கு வருமா? வந்தால் கம்பி இடைவெளியை இன்னும் குறைக்க வேண்டியிருக்கும்.