உச்ச விலையும் சரிவு விலையும்: ஒப்பிடுவது ஒரே வீட்டைத்தானா?

தொடக்கப் பதிவு

அமெரிக்க வீட்டுவிலைக் குமிழியைப் பற்றிப் பேச்சு வந்தால், ஒருவர் "பாதிக்கும் கீழே போய்விட்டது" என்பார், அடுத்தவர் "கால்வாசிதான் இறங்கியது" என்பார். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. கேஸ்-ஷில்லர் தேசியக் குறியீட்டெண் என்பது ஒரே வீடுகளின் மறுவிற்பனை விலைகளிலிருந்து, 2000 ஜனவரியை 100 ஆக வைத்துக் கணக்கிடுவது. 2006 நடுவில் 184-ஐ ஒட்டி உச்சம் தொட்டு, 2012 தொடக்கத்தில் 134 அளவுக்கு வந்தது. அதாவது 27 சதவீதச் சரிவு. அதே முறையில் கணக்கிட்ட லாஸ் வேகஸ் எண் 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. டாலஸில் பத்துச் சதவீதத்தை ஒட்டியே நின்றது. "அமெரிக்காவில் எவ்வளவு இறங்கியது" என்ற கேள்விக்கே பெரிய அர்த்தம் இல்லை.

பத்திரங்களையும் விற்பனைப் பதிவுகளையும் புரட்டிப் பழகியவர்கள், ஒப்பீடு எங்கே கோணலாகிறது என்று எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம், கணக்கோடு வாருங்கள். அமெரிக்கா மட்டும்தான் என்றில்லை.

மறுமொழி 1

முதலில் ஒதுக்க வேண்டியது இடைநிலை விலை. செய்தித்தாள் தலைப்புகளில் வருவது பெரும்பாலும் அதுதான், அதிகம் ஏமாற்றுவதும் அதுதான்.

ஒரு ஊரில் உச்ச மாதத்தில் பத்து வீடுகள் விற்றன என்று வையுங்கள். நான்கு சிறியவை, ஒவ்வொன்றும் 2 லட்சம் டாலர். ஆறு பெரியவை, ஒவ்வொன்றும் 4 லட்சம். வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது 4 லட்சம். பிறகு எல்லா வீடும் சரியாக 25 சதவீதம் இறங்குகிறது: சிறியது ஒன்றரை லட்சம், பெரியது 3 லட்சம். ஆனால் அந்த மாதம் விற்றவை ஏழு சிறியவை, மூன்று பெரியவை. இப்போது இடைநிலை ஒன்றரை லட்சம். தலைப்பில் "62 சதவீதச் சரிவு" என்று வரும். எந்த ஒரு வீடும் 25-க்கு மேல் இறங்கவில்லை.

இது வெறும் பலகைக் கணக்கு இல்லை. சரிவு தொடங்கியதும் முதலில் சந்தைக்கு வந்தவை ஜப்தி வீடுகள், அவற்றில் பெரும்பாலானவை மலிவானவை. பெரிய வீட்டுக்காரர்களில் பொறுக்க முடிந்தவர்கள் விற்காமல் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்கு மேல் 2009–10-இல் முதல் வீடு வாங்குவோருக்கு 8,000 டாலர் வரை வரிச் சலுகை வந்தது. 2010 ஏப்ரல் 30-க்குள் ஒப்பந்தம் போட வேண்டும் என்பது விதி. கெடுவுக்கு முன் சிறிய வீடுகள் முண்டியடித்து விற்றன, கெடு முடிந்ததும் விற்பனை பாதாளத்தில் விழுந்தது. அந்த மாதங்களின் இடைநிலை விலையை முன்பின் வைத்து ஒப்பிடுவது வீண் வேலை.

விற்பனை எண்ணிக்கையைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்ப்பதும் இதே ரகம்தான். பழைய வீடுகளின் விற்பனை 2005-இல் 70 லட்சத்தை எட்டியது, 2008-இல் சுமார் 41 லட்சம். முதலில் வறள்வது எண்ணிக்கை. விலை அதற்குப் பிறகுதான் இறங்கும், ஏனென்றால் விற்பவர் பழைய விலையைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடமாவது காத்திருப்பார். 2006 இறுதியில் "விலை நிலையாகத்தான் இருக்கிறது" என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், அந்த விலைக்கு விற்றவை குறைவு என்பதே.

மறுமொழி 2

மேலே சொன்னதற்கு மருந்து, ஒரே வீட்டின் இரண்டு விற்பனைகளை ஜோடி சேர்ப்பது. பெய்லி, மூத், நோர்ஸ் மூவரும் 1963-இல் வெளியிட்ட முறை இது. கேஸும் ஷில்லரும் 1980-களில் அதைச் செப்பனிட்டார்கள். கையால் செய்வதானால் இப்படி:

மனை அடையாள எண்ணை வைத்துத் தேடுங்கள், முகவரியை வைத்துத் தேடாதீர்கள். அடுக்ககங்களில் முகவரி ஏமாற்றும். இரண்டு விற்பனைக்கும் நடுவே ஆறு மாதம் கூட இல்லையென்றால் அந்த ஜோடியைக் கழித்துவிடுங்கள். பெரும்பாலும் அது வாங்கிச் சரிசெய்து விற்ற வீடாகவோ வெறும் பெயர் மாற்றமாகவோ இருக்கும். வாங்கியவரும் விற்றவரும் ஒரே குடும்பப் பெயர் கொண்டிருந்தால் தனியாக வைத்துப் பாருங்கள். பிறகு கட்டட அனுமதிப் பதிவு: இடையில் ஓர் அறை சேர்த்திருந்தால் அது வேறு வீடு. இரண்டு தேதிகளிலும் பதிவான சதுர அடி ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

தேதி விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். விலை பேசி முடிப்பது ஒரு நாள், பத்திரம் கைமாறுவது ஒன்றிரண்டு மாதம் கழித்து. கேஸ்-ஷில்லரின் ஜூன் எண் என்பது ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாத விற்பனைகளின் சராசரி. அந்த விற்பனைகளின் விலை பேசப்பட்டது குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தம் வரை. வெளியாவதோ ஆகஸ்ட் இறுதியில். ஆகவே, "உச்ச மாதம் எது" என்று ஒரு மாதத்தைக் குறிவைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை. ஒரு காலாண்டு முன்பின் விட்டே பேச வேண்டும்.

கூட்டாட்சி வீட்டுவசதி நிதி முகமையின் எண்ணை எடுத்தால் சரிவு இதைவிடக் குறைவாகத் தெரியும். அதன் அடிப்படை, வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்கள் இரண்டும் ஏற்ற கடன்கள். அவற்றின் வரம்பை மீறிய பெரிய கடன்களும், கடன் தகுதி குறைந்தவர்களுக்குக் கொடுத்த சப்பிரைம் என்ற மோசமான குமிழிக் காலக் கடன்களும் அதில் பெரும்பாலும் இல்லை. அதோடு கேஸ்-ஷில்லர் விலையுயர்ந்த வீட்டுக்கு அதிக எடை கொடுக்கும், முகமையின் எண் அப்படிக் கொடுக்காது. இரண்டில் எது சரி என்று கேட்பதைவிட, உங்கள் வீடு எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று கேட்பது நல்லது.

மறுமொழி 3

ஜோடி சேர்ப்பதில் பெரிய பள்ளம் ஜப்தி வீடுதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

ஒரே வீட்டுக்கு நான்கு பதிவுகள் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். 2006-இல் 4 லட்சத்துக்கு வாங்கியது. 2009-இல் ஜப்தி ஏலத்துக்குப் பின் வங்கிக்கு எழுதிய பத்திரம், 3,40,000. 2010 தொடக்கத்தில் வங்கி விற்றது 1,90,000-க்கு. 2010 கடைசியில் பழுதுபார்த்து மறுபடி விற்றது 2,55,000-க்கு.

2009-இன் 3,40,000 சந்தை விலையே இல்லை. ஏலத்தில் கடன் கொடுத்த வங்கி தன் பாக்கியையே கேள்வித் தொகையாக வைக்கும், கையிலிருந்து காசு போடாது. அந்த எண் கடன் எவ்வளவு என்பதைச் சொல்கிறது, வீடு எவ்வளவு பெறும் என்பதைச் சொல்லவில்லை. தானாக ஓடும் நிரல்கள் இதை விற்பனையாக எடுத்துக்கொண்டு "15 சதவீதம்தான் இறங்கியது" என்று காட்டும். முதல் வேலையாக, பத்திர வகையைப் பார்த்து இவற்றைத் தூக்கிவிட வேண்டும்.

1,90,000 உண்மையான விற்பனைதான். ஆனால் விற்றது வேறு நிலையில் இருந்த வீடு. மின்சாரம் துண்டித்துப் பல மாதம் பூட்டிக் கிடந்தால், ஈரப்பதமான பகுதிகளில் சுவரெல்லாம் பூஞ்சை. செப்புக் குழாயும் ஏசியின் வெளிப் பெட்டியும் களவு போயிருக்கும். குளிர்ப் பகுதியில் தண்ணீரை வடிக்காமல் விட்ட குழாய் உறைந்து வெடித்திருக்கும். ஆகவே 52 சதவீதச் சரிவில் ஒரு பங்கு சந்தை, ஒரு பங்கு சேதம். கடைசி 2,55,000-ஐ அப்படியே எடுத்தால் 36 சதவீதம். பழுதுக்கு 30,000 செலவானது என்றால் அதைக் கழித்து 2,25,000, ஏறக்குறைய 44 சதவீதம். ஒரே வீடு, 15-இல் தொடங்கி 52 வரை நான்கு விடைகள். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்து 44 அல்லது 52-ஐத்தான் நான் எடுப்பேன்.

இன்னொன்று: 2004 முதல் 2007 வரை ஃப்ளோரிடாவில் கட்டிய சில வீடுகளில் சீனாவிலிருந்து இறக்கிய ஜிப்சம் பலகை கந்தக வாயுவைக் கக்கி ஏசியின் செப்புச் சுருள்களையே அரித்தது. அந்த வீடுகள் அடிமாட்டு விலைக்குப் போனதைப் பகுதியின் சந்தை விலையாக எடுத்துக்கொண்ட ஒப்பீடுகள் உண்டு.

குமிழிக் காலத்து விலையிலும் கலப்படம் இருந்தது. விற்பவர் வாங்குபவரின் பத்திரச் செலவை ஏற்றுக்கொண்டு, அந்தத் தொகையை விலையில் ஏற்றிக் காட்டுவார். கடன் அதற்கும் சேர்த்துக் கிடைத்துவிடும். 3,00,000 என்று பதிவான வீட்டில் 4 சதவீதம் அப்படித் திரும்பியிருந்தால் உண்மை விலை 2,88,000. உச்சமே கொஞ்சம் ஊதப்பட்டது என்றால் சரிவும் அந்த அளவுக்கு ஊதித்தான் தெரியும்.

மறுமொழி 4

அயர்லாந்து, ஸ்பெயின், ஜப்பான் மூன்றையும் சுருக்கமாகச் சேர்க்கிறேன். ஒவ்வொன்றிலும் தரவு வேறு விதமாக வழுக்கும்.

அயர்லாந்தில் 2007 உச்சத்திலிருந்து 2013 தொடக்கம் வரை தேசிய அளவில் பாதிக்கும் மேல் விழுந்தது. பெயரளவில், அதாவது பணவீக்கத்தைக் கழிக்காமல், பழைய உச்சத்தைத் தாண்ட 2022 ஆனது. சொத்து விலைப் பதிவேடு 2010 ஜனவரியிலிருந்துதான் இருக்கிறது. அதற்குள் சரிவில் கணிசமான பகுதி முடிந்துவிட்டது, எனவே அதில் உச்ச விலையைத் தேடினால் கிடைக்காது. புது வீடுகளின் விலை அதில் 13.5 சதவீத மதிப்புக் கூட்டு வரி இல்லாமல் பதிவாகும். 3,00,000 யூரோ என்று இருந்தால் வாங்கியவர் கொடுத்தது 3,40,500. அதே வீடு பிறகு பழைய வீடாக 3,00,000-க்கு விற்றால் பதிவேட்டில் மாற்றமே தெரியாது, உண்மையில் 12 சதவீத இழப்பு. "முழுச் சந்தை விலை அல்ல" என்று ஒரு கட்டமும் உண்டு. அது குறிக்கப்பட்ட வரிசைகளை நீக்கிவிடுங்கள். அங்கத்திய மத்தியப் புள்ளியியல் அலுவலகம் 2016 வரை அடமானக் கடன் தரவை மட்டுமே வைத்துக் குறியீட்டெண் போட்டது. சரிவின் அடியில் ரொக்கம் கொடுத்து வாங்கியவர்கள் அதில் இல்லை. பிறகு முத்திரை வரித் தரவுக்கு மாறினார்கள். பழைய அறிக்கையிலிருந்து ஓர் எண், புதியதிலிருந்து ஓர் எண் என்று எடுக்கக் கூடாது.

ஸ்பெயினில் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் எண் நோட்டரி முன் எழுதிய விற்பனைகளிலிருந்து வருவது, சுமார் 37 சதவீதச் சரிவு காட்டியது. அமைச்சகத்தின் எண் மதிப்பீட்டாளர்களின் அறிக்கைகளிலிருந்து வருவது, 30-ஐ ஒட்டி நின்றது. மதிப்பீட்டாளர் பழைய விற்பனைகளைப் பார்த்தே எழுதுவார், அதனால் அது மெதுவாகத்தான் இறங்கும்.

ஜப்பானில் மனை விலை எண்கள் மனைக்கு மட்டும். மேலே நிற்கும் வீட்டின் விலை அதில் இல்லை. வரிக் கணக்கில் மரவீட்டின் ஆயுள் 22 வருடம். 1991-இல் வாங்கிய வீடும் மனையும் சேர்ந்த விலையைப் பிந்தைய மனை எண்ணோடு ஒப்பிட்டால் மனை விலைச் சரிவும் வீட்டின் தேய்மானமும் ஒன்றாகக் கலந்துவிடும். மார்ச்சில் வரும் அரசு மனை விலை ஜனவரி 1-க்கு உரியது. ஜூலையில் வரும் சாலையோர விலை வாரிசு வரிக்கானது, முந்தையதில் ஏறத்தாழ 80 சதவீதம். ஒன்றை உச்சத்துக்கும் மற்றதைச் சரிவுக்கும் எடுத்தால், ஒன்றுமே நடக்காமலேயே 20 சதவீதம் இறங்கிவிடும்.

மறுமொழி 5

பணவீக்கத்தை யாரும் தொடவில்லையே. அமெரிக்க நுகர்வோர் விலை எண் 2006 நடுவில் 203, 2012 தொடக்கத்தில் 227-ஐ ஒட்டி. விலை விகிதம் 134/184 = 0.73. அதை 1.12-ஆல் வகுத்தால் 0.65. ஆக 27 சதவீதம் என்பது உண்மை மதிப்பில் 35. தேசிய எண் பெயரளவில் பழைய உச்சத்தை 2016 கடைசியில் தொட்டபோது நுகர்வோர் எண் 241 இருந்தது. அன்றும் உண்மை மதிப்பில் 16 சதவீதம் கீழேதான்.

மாதத் தவணையில் பார்த்தால் படம் இன்னும் மாறும். 30 வருடக் கடன், 2,00,000 டாலர், 6.5 சதவீத வட்டி: மாதம் 1,264. விலை 27 சதவீதம் இறங்கி, கடன் 1,46,000 ஆகி, வட்டி 3.75 ஆனால்: மாதம் 676. தவணை 46 சதவீதம் குறைந்தது. விற்றவருக்கு 27, வாங்கியவருக்கு 46. பேசுவது யார் என்பதைக் கேட்காமல் எண்ணை நம்பக் கூடாது. ஆனால் அந்த 46 யாருக்குக் கிடைத்தது என்றால், 2012-இல் கடன் கிடைத்தவர்களுக்கு மட்டும். வங்கிகள் அப்போது சல்லடை போட்டுச் சலித்தன.

ஏறும்போதும் இறங்கும்போதும் சதவீதம் ஒன்றல்ல என்பதையும் சிலர் மறக்கிறார்கள். 27 இறங்கியது மீள 37 ஏற வேண்டும். 62 இறங்கியது மீள 163 ஏற வேண்டும். "லாஸ் வேகஸ் அடியிலிருந்து இரட்டிப்பாகிவிட்டது" என்பது உண்மையாக இருக்கும்போதே உச்சத்தில் வாங்கியவர் நட்டத்தில் இருப்பார்.

மறுமொழி 6

ஒரு சந்தேகம். பழைய பத்திரங்களில் விலைக்குப் பதிலாக "பத்து டாலரும் பிற மதிப்புள்ள பிரதிபலனும்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஜோடி சேர்க்க விலைக்கு எங்கே போவது?

மறுமொழி 7

சொத்து கைமாறும்போது விலையைப் பொறுத்துக் கட்டும் கைமாற்ற வரியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கலிபோர்னியாவில் மாவட்ட வரி ஆயிரத்துக்கு 1.10 டாலர். பத்திரத்தின் முதல் பக்கத்தில் 440 என்று இருந்தால் விலை 4,00,000. ஆனால் வரியை முழு மதிப்பில் கணக்கிட்டார்களா, விற்ற பிறகும் வீட்டின் மேல் தொடரும் கடனைக் கழித்துக் கணக்கிட்டார்களா என்று அங்கேயே ஒரு கட்டத்தில் குறித்திருப்பார்கள். இரண்டாவது என்றால் வரும் எண் விலையைவிடக் குறைவு. சில நகரங்கள் தனியாக வரி போடும், அதைப் பிரித்துவிட்டு வகுக்க வேண்டும். ஃப்ளோரிடாவில் நூறுக்கு 70 சென்ட், 2,800 என்றால் 4,00,000. மயாமி-டேட் மாவட்டத்தில் மட்டும் அடிப்படை விகிதம் 60 சென்ட்.

டெக்சாஸில் இந்த வழி இல்லை, அங்கே கைமாற்ற வரியும் கிடையாது, விலையை வெளியிடும் கட்டாயமும் கிடையாது. பத்திரத்தோடு பதிவான அடமான ஆவணத்தின் கடன் தொகையிலிருந்து ஊகிக்கலாம். அப்படிச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை: குமிழி ஆண்டுகளில் 80 சதவீதத்துக்கு ஒரு கடன், மீதி 20-க்கு இன்னொரு கடன் என்று ஒரே நாளில் இரண்டு அடமானம் எழுதுவது சகஜம். முதலாவதை மட்டும் எடுத்து அதையே முழு விலையாகக் கொண்டால் உச்சம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். அடுத்தடுத்த பதிவு எண்களில் இரண்டாவது இருக்கிறதா என்று பார்த்துக் கூட்டுங்கள். சரிவுக்குப் பின், கூட்டாட்சி அரசு காப்பீடு தரும் கடனில் முன்பணம் குறைந்தது 3.5 சதவீதம், சாதாரணக் கடனில் பெரும்பாலும் 20. எந்த வகை என்று ஆவணத்திலேயே இருக்கும், அதற்கேற்ப 0.965 அல்லது 0.80-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். முன்னதில் காப்பீட்டுக் கட்டணத்தையும் கடனிலேயே ஏற்றியிருப்பார்கள், வரும் விடையிலிருந்து ஒன்றிரண்டு சதவீதம் குறைத்துப் பாருங்கள்.